தொகுப்பு வீட்டில் நாலு வருஷம்: கட்டியதும் குடியிருந்ததும்

எங்கள் அம்மா பெயரில் கட்டிய அரசு வீட்டில் 2021 ஆவணியில் பால் காய்ச்சினோம். இந்த ஆவணியோடு நாலு வருஷம் முடிந்துவிட்டது. நாலு அடைமழையும் நாலு கத்திரி வெயிலும் பார்த்த வீடு இது. நல்லது எது, கஷ்டம் எது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. ஊரில் யாருக்காவது வீடு வந்தால் எங்களிடம்தான் வந்து கேட்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "கவர்மெண்டு எவ்வளவு தருது?" நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன். மனை யார் பெயரில் இருக்கிறது? முதல் தவணை வரும் வரைக்கும் கையில் என்ன இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் வீடு எழும்பிவிடும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய தொகை அறிவித்தாலும் அது பேப்பரில்தான் இருக்கும்.

நாங்கள் இருப்பது நாகை, திருவாரூர் எல்லையில், கடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். களிமண் பூமி. அப்பா காலத்திலிருந்து கீற்றுக் கொட்டகைதான். மண் சுவர், நடுவில் ஒரு பனை உத்தரம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது கூரை மொத்தமாகப் போய்விட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் உயிர் பிழைத்தோம். சாய்ந்து கிடந்த தென்னை மரத்துக் கீற்றை முடைந்து அந்த வருஷம் எப்படியோ வேய்ந்துகொண்டோம். அடுத்த வருஷம் வேய்வதற்குக் கீற்றுக்கு எங்கே போவது? மரமே இல்லை. அப்போதுதான் அம்மா சொன்னார்: "இனிமே கூரைய நம்பி இருக்க முடியாது பாப்பா. அந்த லிஸ்ட்டு என்னாச்சுன்னு பாரு."

அந்த லிஸ்ட் என்பது 2011ல் எடுத்த சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு. பிரதம மந்திரி வீடு வழங்கும் திட்டத்தின் கிராமப்புறப் பிரிவு 2016 நவம்பரில் தொடங்கியபோது, யாருக்கு வீடு என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். வீடே இல்லாதவர்கள், மண் சுவரும் கூரையுமாக ஒன்று அல்லது இரண்டு அறையில் இருப்பவர்கள் என்று வரிசைப்படுத்தி, கிராம சபையில் வைத்து ஒப்புதல் வாங்குவார்கள். எங்கள் பெயர் அதில் இருந்தது. அப்பா பெயரில் இருந்தது. அப்பா 2014ல் தவறிவிட்டார்.

அடுத்த வீட்டு அண்ணன் பெயர் அதில் இல்லை. அவர் வீடு எங்கள் வீட்டைவிட மோசம். ஆனால் அவரிடம் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் இருந்தது. கருவாட்டுக் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பதற்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. மோட்டார் வண்டி இருந்தால் தகுதி இல்லை என்பது அப்போதைய விதி. ஃபிரிட்ஜ், லேண்ட்லைன் போன், குடும்பத்தில் யாருக்காவது மாதம் பத்தாயிரத்துக்கு மேல் வருமானம், இவையெல்லாம் அந்த விதியில் இருந்தன. 2024ல்தான் இருசக்கர வாகனம், ஃபிரிட்ஜ், லேண்ட்லைன் இவற்றை எடுத்துவிட்டு, வருமான வரம்பையும் 15,000 ஆக்கினார்கள். அந்த மாற்றம் வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பிழைப்புக்கு வைத்திருக்கும் வண்டியைக் காட்டி ஒரு குடும்பத்தைப் பத்து வருஷம் வெளியே நிறுத்தியது சரியே இல்லை. முன்பு விடுபட்டவர்கள் இப்போது திரும்பவும் கேட்டுப் பார்க்க வேண்டும், விட்டுவிடாதீர்கள்.

சரி, பெயர் இருக்கிறது. வீடு கட்ட இடம்? இங்கேதான் நாங்கள் எட்டு மாதம் அலைந்தோம். எங்கள் தாத்தா பண்ணையில் வேலை பார்த்தவர். மிராசுதார் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு இருந்த குடும்பம். 1971ல் வந்த குடியிருப்புச் சட்டம் எங்கள் பக்கத்தில் விவசாயக் கூலிகள் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்கியது. அப்படித்தான் தாத்தா பெயருக்கு மூன்றே முக்கால் சென்ட் வந்தது. அந்தப் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தவரை யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை, ஊரில் பாதிப் பேர் கதை அதுதான். வீடு என்று வந்தபோது தாத்தாவுக்கு வாரிசுச் சான்றிதழ், அப்பாவுக்கு வாரிசுச் சான்றிதழ், அத்தைகள் இரண்டு பேரும் கையெழுத்து, அப்புறம் பட்டா பெயர் மாற்றம். பெரிய அத்தை கும்பகோணத்திலிருந்து இரண்டு முறை பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். "எனக்கு எதுக்குடி அந்த இடம், அண்ணி கூரை இல்லாம இருக்குறத பார்த்துக்கிட்டு நான் இருக்கவா?" என்றார். அப்படி ஒரு அத்தை இல்லாத வீடுகளில் இந்த இடத்திலேயே எல்லாம் நின்றுபோகிறது.

இந்தத் திட்டத்தில் வீடு பெண் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும்தான் வரும். அம்மா பெயரில் ஒரு சொத்து எழுதப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. 2020 ஜனவரியில் ஒர்க் ஆர்டர் கைக்கு வந்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. எங்களுக்குப் பத்தொன்பது மாதம் ஆனது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இதைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். அடிப்படைத் தொகை ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். அதில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு, அதாவது 72,000மும் 48,000மும். இந்தப் பணத்தில் காங்கிரீட் கூரை போட முடியாது என்பதால், தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாக 50,000 கொடுத்து வந்தது. ஆக 1,70,000. 2020 டிசம்பரில் கூரைத் தொகையை இன்னும் 70,000 உயர்த்தினார்கள். வீடு பாதியில் நின்றதால் அந்த உயர்வு எங்களுக்கும் கிடைத்தது. அப்போது 2,40,000 ஆனது. இது போக, சொந்த வீட்டு வேலைக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலி. அந்த வருஷக் கூலி 256 ரூபாய் கணக்கில் 23,040. கழிப்பறைக்கு 12,000. எல்லாம் சேர்த்தால் 2,75,040 ரூபாய்.

எங்களுக்கு ஆன செலவு 4,35,000. நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், ஆணி வாங்கியது வரைக்கும். மீதி 1,60,000 நாங்கள் போட்டது. குழுக் கடன் 60,000, அம்மாவின் தோடும் மூக்குத்தியும் வைத்துக் கூட்டுறவு சொசைட்டியில் 35,000, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தம்பி அனுப்பியது 65,000. திட்டத்தில் வங்கிக் கடன் 70,000 வரைக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நாங்கள் போய்க் கேட்ட இடத்தில் ஜாமீன் கேட்டார்கள், திரும்பி வந்துவிட்டோம். மகளிர் குழு இல்லையென்றால் நாங்கள் தண்டல்காரரிடம்தான் போயிருப்போம். நகை அடுத்த வருஷம் திரும்பி வந்தது. கூட்டுறவில் ஐந்து பவுன் வரைக்கும் வைத்திருந்த நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தது எங்களுக்குப் பெரிய உதவி. தோட்டைத் திரும்பக் காதில் போட்டபோது துளை தூர்ந்து போயிருந்தது, வேப்பங்குச்சி வைத்துத்தான் திறந்தார்.

மொத்தத் தொகை போதவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைவிடப் பெரிய விஷயம் பணம் எப்போது வருகிறது என்பது. திட்டத்தின் விதிப்படி அனுமதி ஆணை கொடுத்த ஒரு வாரத்துக்குள் முதல் தவணை கணக்கில் ஏற வேண்டும். எங்களுக்கு அஸ்திவாரம் போட்டு, பேஸ்மெண்ட் மட்டம் எழுப்பி, போட்டோ எடுத்த பிறகுதான் வந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்குமே அப்படித்தான் வந்தது. "ஏம்மா, பேஸ்மெண்ட் மட்டம் வந்தாதான் நான் போட்டோ எடுத்து ஏத்த முடியும், அதுக்கு முன்னாடி என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் ஓவர்சியர். அவர் மேல் கோபம் இல்லை, நல்ல மனுஷர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். கையில் காசில்லை என்பதால்தானே இந்த வீடு. அவர்களிடமே முதலில் 92,000 போட்டு அஸ்திவாரம் எழுப்பிக் காட்டு, அப்புறம் தருகிறேன் என்றால் எங்கே போவார்கள்? களிமண்ணில் அஸ்திவாரம் மேலோட்டமாகப் போட முடியாது. நாலரை அடி தோண்டி, மணல் அடித்து, அதற்கு மேல்தான் கல். எங்கள் ஊரில் ஒர்க் ஆர்டர் வாங்கியும் குழி தோண்டியதோடு நின்ற வீடு மூன்று இருந்தது. அதில் ஒரு குடும்பம் மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கட்டி முடித்தார்கள். வீடு இருக்கிறது, குடும்பம் கடனை அடைக்கக் கேரளாவுக்குப் போய்விட்டது. வீட்டைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் ஆணை கையில் வந்த உடனே முதல் தவணை எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். நாங்கள் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து போன பிறகுதான் எங்கள் ஃபைல் நகர்ந்தது. நடுவில் ஒருவர் "செலவு" என்று கேட்டார். "நான் கூலிக்காரி, தரமாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்காக ஒன்றரை மாதம் தாமதமானது. ஆனால் கொடுக்கவில்லை.

சிமெண்டும் கம்பியும் ஒன்றிய குடோனிலிருந்து எடுத்துக்கொண்டோம், அதன் விலையைத் தவணையில் பிடித்துக்கொண்டார்கள். வெளி விலையைவிடக் குறைவுதான், கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூட்டை வரும் நேரமும் வேலை நடக்கும் நேரமும் ஒத்துப்போகாது. எங்களுக்கு ஐப்பசி மழையில் வந்து இறங்கியது. கொட்டகைக்குள் பலகை போட்டு, வைக்கோல் பரப்பி, மூட்டையை அடுக்கித் தார்ப்பாயைப் போர்த்தி, அம்மா அதன் பக்கத்திலேயே படுத்தார். அம்மா நனைந்த ராத்திரியிலும் மூட்டை நனையவில்லை. அப்படியும் இரண்டு மூட்டை ஓரத்தில் இறுகிப் போனது. நிவர், புரெவி என்று அடுத்தடுத்து வந்த மழைக்காலம் அது. சுவர் லிண்டல் மட்டத்தில் நிற்கிறது, மேலே வானம். சுவர் தலையில் சாக்கு போட்டு மூடி வைத்தோம்.

போட்டோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பயனாளியை வீட்டுக்கு முன்னால் நிறுத்திப் போனில் படம் எடுத்து, அது எந்த இடம் என்ற ஜிபிஎஸ் குறியோடு ஏற்றுவார்கள். பழைய குடிசை முன்னால் ஒன்று, பேஸ்மெண்ட், லிண்டல், கூரை, கடைசியில் முடிந்த வீடு. ஓவர்சியரிடம் கேட்டு அந்த ஐந்து படத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் படத்தில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்க்கிறார். பேஸ்மெண்ட் படத்தில் முட்டி வரை சேறு, முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறார். கூரைப் படத்தில் கை கீழே இறங்கியிருக்கிறது, சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். எல்லாப் படத்திலும் அதே ஊதாப் புடவை. போட்டோ எடுக்க வருகிறார்கள் என்றால் அதைத்தான் எடுத்துக் கட்டுவார்.

2021 மாசியில் கூரை போட்டோம். சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்த அன்றைக்கு ராத்திரி யாரும் தூங்கவில்லை. காலையில் மிக்சர் வண்டி வந்தது. தெருவே வந்து சட்டி தூக்கியது. மதியம் இரண்டரைக்குக் கடைசிச் சட்டி ஏறியது. எங்கள் கொத்தனார் மாமா அன்றைக்கு ஒன்று சொன்னார்: "தங்கச்சி, கூரை போடுறது ஒரு நாள் வேலை. அதுக்குத் தண்ணி காட்டுறதுதான் மூணு வாரத்து வேலை. அதுல ஏமாந்துட்டா கவர்மெண்ட குத்தம் சொல்லக் கூடாது." மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இருபத்தி ஐந்து நாள், காலையும் சாயங்காலமும் அம்மா குடத்தோடு ஏணியில் ஏறினார்.

அதே தண்ணீரில்தான் ஒரு தப்பும் செய்தோம். குளம் கொஞ்சம் தூரம் என்று, சுவர் வேலைக்கு வீட்டோரத்து அடிபம்புத் தண்ணீரைப் புழங்கிவிட்டோம். எங்கள் பக்கம் அது உப்பு. இரண்டாவது வருஷம் கோடையிலேயே சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர ஆரம்பித்துவிட்டது. விரலால் தொட்டால் மாவு மாதிரி கொட்டும். இரண்டு முறை சுரண்டிப் பூசியாயிற்று, திரும்பவும் வருகிறது. நல்ல வேளை, கூரைக்குக் குளத்துத் தண்ணீர்தான் வண்டியில் கொண்டுவந்தோம், மாமா பிடிவாதமாக இருந்தார். உப்புத் தண்ணீரில் காங்கிரீட் போட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும், அப்புறம் சிமெண்ட் பிளந்து கொட்டும். கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள். நல்ல தண்ணீருக்கு ஆகும் வண்டி வாடகையை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பெரியம்மா வீட்டில் அதைக் கண்ணால் பார்க்கிறோம். அது 90களில் இந்திரா நினைவுக் குடியிருப்பில் கட்டிய தொகுப்பு வீடு. உள்ளே கூரையில் கம்பி வெளியே தெரிகிறது. துண்டு துண்டாக விழும் என்று கட்டிலை மூலைக்கு நகர்த்திப் போட்டிருக்கிறார்கள், மழை நாளில் திண்ணையில்தான் படுக்கை. வீடு கொடுத்ததோடு பராமரிப்பு முடிந்துவிடுகிறது என்ற நினைப்புதான் இத்தனை வருஷமாக இருந்தது. 2000-01க்கு முன்னால் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2024ல் தமிழ்நாடு அரசு தனியாக ஒரு திட்டம் கொண்டுவந்தது, 2.5 லட்சம் வீடுகளுக்கு 2,000 கோடி என்று. பெரியம்மாவும் மனு கொடுத்திருக்கிறார். பழைய தொகுப்பு வீட்டில் இருப்பவர்கள் உங்கள் ஊராட்சியில் விசாரியுங்கள்.

குடியிருந்த அனுபவத்துக்கு வருகிறேன். முதல் மழைக்காலமே 2021 நவம்பர், விடாமல் அடித்த மழை. ராத்திரி விழித்து விழித்துப் பாத்திரம் தேடிய பழக்கம் போகவில்லை. இடி இடித்ததும் அம்மா எழுந்து உட்கார்ந்து மேலே பார்த்தார். ஒழுகவில்லை. திரும்பப் படுத்தார். ஐம்பத்தி எட்டு வயதில் மழை ராத்திரியில் அப்படித் தூங்கியதை நான் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாம்பு பயம் போனது. நெருப்புப் பயம் போனது. ரேஷன் கார்டு, பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எல்லாம் பாலிதீன் பையில் கட்டி உத்தரத்தில் செருகி வைத்த காலம் போய், சுவர் அலமாரிக்குள் வந்துவிட்டது.

வெயில்தான் பெரிய பிரச்சினை. கீற்றுக் கொட்டகையில் சித்திரையில்கூட உள்ளே குளிர்ச்சி இருக்கும். காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்கு மேல் இறக்குகிறது. முதல் கோடையில் அம்மா வாசலில்தான் படுத்தார், "வீட்ட கட்டிட்டு வெளியில படுக்குறேன்" என்று அவருக்கே வருத்தம். இரண்டாவது வருஷம் கூரை மேல் தென்னங்கீற்றைப் பரப்பினோம், எலி வந்தது. மூன்றாவது வருஷம் மொட்டை மாடியைத் துடைத்துக் கழுவிச் சுண்ணாம்பை இரண்டு தடவை கெட்டியாக அடித்தோம். அதற்கு அப்புறம் ஃபேனைப் போட்டால் உள்ளே படுக்க முடிகிறது. கதவுக்கு நேர் எதிரே ஜன்னல் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு முழம் தள்ளி இருக்கிறது, காற்று வந்து சுவரில் முட்டி நிற்கிறது.

கரண்டுக்கு ஒரு வார்த்தை. குடிசைக்கு இருந்த இலவச ஒற்றை விளக்கு சர்வீஸை, காங்கிரீட் வீடு வந்ததும் வீட்டு இணைப்பாக மாற்ற வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருப்பதால் கோடை தவிர மற்ற மாதங்களில் பில் பெரிதாக வருவதில்லை. வீட்டு வரி ரசீதையும் அம்மா பெயரில் உடனே வாங்கிவிட்டோம்.

கழிப்பறை எங்களுக்குக் கிடைத்த பெரிய நிம்மதி. மழை இருட்டில் வரப்பைத் தேடிப் போன காலத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் களிமண்ணில் உறிஞ்சு குழி வேலை செய்வதில்லை. கார்த்திகையில் நிலத்தடித் தண்ணீர் மேலே வந்து குழி நிரம்பி, ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். மேடு எடுத்து, குழியைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி தூக்கிக் கட்டிய வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஊர் ஊருக்கு மண் வேறு. ஒரே பிளானையே எல்லா இடத்துக்கும் கொடுக்கும்போது, கட்டுகிற கொத்தனாரையும் அந்த மண்ணில் பிறந்தவர்களையும் ஒரு வார்த்தை கேட்டால் இவ்வளவு பணம் வீணாகாது.

இடம் 25 சதுர மீட்டர், சுமார் 269 சதுர அடி. ஒரு ஹால், ஒரு சின்ன அறை, அடுப்படி. அம்மாவுக்கும் எனக்கும் தாராளம். தம்பிக்குக் கல்யாணம் ஆகி அவர்கள் பொங்கலுக்கு வந்தால் நெருக்கம்தான். அஸ்திவாரத்திலேயே ஒரு பக்கம் நீட்டி வைத்தோம், பின்னால் ஒரு அறை எடுத்துக்கொள்ளலாம் என்று. முடிகிறவர்கள் அப்படிச் செய்யுங்கள். ஆனால் கடன் வாங்கிப் பெரிதாக இழுக்காதீர்கள். அரசுத் தொகையை நம்பி இரண்டு மடங்கு வீடு போட்டு, கூரை போடாமலே நிற்கும் சுவர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. 2024ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி காங்கிரீட், தொகை 3.5 லட்சம். முதல் வருஷம் ஒரு லட்சம் வீடு, 2030க்குள் எட்டு லட்சம் என்று இலக்கு வைத்தார்கள். எங்களுக்கு வந்ததைவிட நிச்சயமாக நல்ல தொகை. அந்தத் தொகையில் கட்டிய இரண்டு வீட்டை எங்கள் ஊரிலேயே பார்த்தேன், வெளிக் கடன் குறைவாக முடித்திருக்கிறார்கள்.

ஆனால் அதற்கும் சொந்த மனை வேண்டும், பட்டா வேண்டும். எங்கள் சித்தி இருப்பது கோயில் இடத்தில். மூன்று தலைமுறையாக அடிமனை வாடகை கட்டிக்கொண்டு அதே இடத்தில் இருக்கிறார்கள். கோயில் நிலத்துக்குப் பட்டா தர முடியாது என்பது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. அப்படியானால் அவர்களுக்கு வேறு இடத்தில் மூன்று சென்ட் கொடுக்க வேண்டும். டெல்டாவில் கோயில் மனையிலும் வாய்க்கால் புறம்போக்கிலும் இருக்கும் குடும்பங்கள் கொஞ்சமா? வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கும் பணம், மண்ணே இல்லாதவர்கள் வாசலுக்கு வரவே வராது. யாருக்கு வீடு மிகவும் அவசியமோ அவர்கள்தான் வரிசையில் நிற்கவே முடியாமல் இருக்கிறார்கள். எங்கள் தாத்தாவுக்கு 1971ல் அந்த மனை கிடைத்திருக்காவிட்டால் நாங்களும் சித்தி வீட்டு நிலையில்தான் இருந்திருப்போம். வீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மனையில் இருந்து பேச ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

எங்கள் வீட்டு முகப்பில் திட்டத்தின் பெயர், வருஷம், தொகை, அதற்கு மேல் அம்மா பெயர் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. சில வீடுகளில் கூச்சப்பட்டு அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். அம்மா அடிக்க விடவில்லை. பொங்கலுக்குச் சுவரெல்லாம் அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்கச் சொல்வார். எழுத்து மங்கிய இடத்தில் போன வருஷம் அவரே குச்சியில் பஞ்சு சுற்றி, கறுப்பு பெயிண்ட் தொட்டு, தன் பெயரின் மேல் கோடு இழுத்தார்.

திங்கட்கிழமை சித்தியைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போகிறோம், மக்கள் குறைதீர்க்கும் நாளில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுக்க. இது நாலாவது மனு. போன மூன்றுக்கும் கொடுத்த ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், அடிமனை ரசீது எல்லாவற்றையும் அம்மா வரிசையாக அடுக்கி, தன் வீட்டுப் பத்திரம் வைத்திருந்த அதே பிளாஸ்டிக் கவரில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். குழுவிலிருந்து ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் பஸ் ஆறே காலுக்கு.